மூன்று பருக்கை

"நாலு பேரு ஒரே தட்டுல கைய உட்டுத் துன்றவங்களுக்கு எதுக்குமா ஸ்பூனு? எதுக்குமா போர்க்கு?"

அமலோற்பவமேரி இப்படிக் கேட்டபோது காலை ஏழரை மணி. விழுப்புரம் வழுதரெட்டிப் பக்கம் ஒரு முட்டுச்சந்து. தெருக்குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. ஏழு குடங்களும் அவற்றுக்குரிய ஏழு பெண்களும் சாட்சி. தெருக்கோடியில் தையல் மிஷின் வைத்திருக்கும் காந்திமதி, தன் முறை வந்தும் குழாயைத் திருகி மூடினாள். தண்ணீர்ச் சத்தத்தில் பதில் சரியாகக் கேட்காமல் போய்விட்டால் என்ன செய்வது?

பதில் வந்தது. "எங்க தட்டுல ஒரு நாளு குந்திப் பாத்துருக்கியா நீ? குந்திப் பாத்துட்டு அப்புறம் பேசு!"

ஜமீலா பீவி வழக்கமாக 'வாங்க போங்க மேரிக்கா' என்று மரியாதை குறையாமல் பேசுகிறவள். அன்று 'அக்கா'வும் போயிற்று, 'ங்க'வும் போயிற்று. முக்காடு நழுவியதைக்கூடச் சரி செய்யவில்லை.

"மூணு மாசமா சொவத்துக்கு அந்தாண்ட டிங்கு டிங்குனு சத்தம். இன்னா சத்தம்னு கேட்டா பாத்திரம் தேய்க்கிறேன்னு சொன்னியே, பாத்திரமா தேய்ச்ச? ஒரே நாளு, ஒரே கடையில குந்திக்கினுதான ரெண்டு பேரும் அப்ளிகேசன் போட்டோம்? அங்க சாப்பாடு போட்டுப் பாத்துதான் புள்ளைங்கள எடுப்பாங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா வாயி கோணிக்குமா ஒனக்கு?"

"ஒன்கிட்ட சொல்லணும்னு எங்கியாவது எழுதி வச்சிருக்கா? நான் அலைஞ்சு திரிஞ்சு தெரிஞ்சிக்கினேன். ஒனக்கு வேணும்னா நீயும் அலை!"

"ஊருல ஒருத்தன் தும்முனா ஓடியாந்து சொல்ற வாயி, இதுக்கு மட்டும் தையல் போட்டுக்கிச்சாக்கும்!"

இது உண்மை என்பதால் ஏழு பேரில் மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். அமலோற்பவமேரி குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். குடம் முக்கால்தான் நிரம்பியிருந்தது. அவள் வாழ்நாளில் முக்கால் குடத்தோடு குழாயடியை விட்டுப் போனது அன்று ஒரு நாள்தான்.

நடந்தது இதுதான். திண்டிவனத்தில் மரக்காணம் ரோட்டின் மேல் ஒரு பள்ளிக்கூடம். அதற்கு நீளமாக ஒரு இங்கிலீஷ் பெயர் இருக்கிறது. தெருவில் யாருக்கும் அது வாயில் நுழையாததால் மணிக்கூண்டு ஸ்கூல் என்றே வழக்கம். ஆறாம் வகுப்புக்கு வருஷத்துக்கு நாற்பது பிள்ளைகள் மட்டும். முந்நூறு, நானூறு பேர் பரீட்சை எழுதுவார்கள். அதில் எண்பது பேரைப் பெற்றோரோடு ஒரு சனிக்கிழமை கூப்பிட்டு, மத்தியானம் சாப்பாடு போட்டு, சாயங்காலம் அனுப்பிவிடுவார்கள். அந்தச் சாப்பாட்டில்தான் பாதிப் பேர் கழிகிறார்கள் என்று பேச்சு. கலெக்டர் ஆபீஸ் ஹெட்கிளார்க் மகன் அப்பளத்தை நொறுக்கிச் சத்தம் போட்டுத் தின்றதால் இடம் போயிற்று என்பார்கள். அப்பளத்தைச் சத்தமில்லாமல் தின்பது எப்படி என்று சொன்னவர்தான் யாரும் இல்லை.

அந்த எண்பதில் இந்த ஒரே சந்திலிருந்து இரண்டு பேர். அதுவும் பக்கத்துப் பக்கத்து வீடு. அமலோற்பவமேரியின் மகள் சகாய பிரியா. ஜமீலாவின் மகள் ஃபஸீஹா. இரண்டும் பத்து வயசு. ஒன்றாகவே பள்ளிக்குப் போகும், ஒன்றாகவே பேன் பிடித்துக்கொண்டு வரும்.

அமலோற்பவமேரிக்கு அந்தப் பள்ளிக்கூடத்தின் மேல் இருந்தது வெறும் ஆசை என்று சொல்லிவிட முடியாது. அவள் புருஷன் பாக்கியராஜ் விழுப்புரம் ஜங்ஷனில் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன். கல்யாணமான புதிதில் ஒரு கிறிஸ்மஸுக்கு ரயில்வே அதிகாரி ஒருவர் வீட்டுக்குக் கேக் கொடுக்கப் போனார்கள். அந்த அம்மாள் உட்காரவைத்து, பூப்போட்ட கோப்பையில் டீ கொடுத்தாள். டீ கொதித்தது. அமலோற்பவமேரி அதைச் சாசரில் ஊற்றி ஊதிக் குடித்தாள். அந்த அம்மாள் லேசாகச் சிரித்தாள். பதினாலு வருஷம் ஆகியும் அந்தச் சிரிப்பு அமலோற்பவமேரியின் உடம்பில் முள்ளாய்க் கிடந்தது. தன் மகளைப் பார்த்து யாரும் அப்படிச் சிரிக்கக் கூடாது, அவ்வளவுதான். அதற்குப் பெயர் மேனர்ஸ் என்று பிற்பாடு தெரிந்துகொண்டாள். அது கிடைக்கிற இடம் மணிக்கூண்டு ஸ்கூல் என்றும்.

ஆகவே மூன்று மாதமாகப் பிரியாவுக்குப் பயிற்சி. பாண்டிச்சேரியிலிருந்து ஒரு செட் ஸ்பூனும் முள்கரண்டியும் வந்தன. இட்லியை முள்கரண்டியால் குத்தினாள் பிரியா, அது உடைந்தது. தோசையைக் கத்தியால் அறுத்தாள், தட்டுதான் அறுபட்டது. கருவாட்டுக் குழம்பு ஊற்றிய சோற்றை முள்கரண்டியில் ஏந்தி வாய்க்குக் கொண்டுபோவதற்குள் குழம்பு முழங்கைக்கு வந்துவிட்டது. பாக்கியராஜ் ஒரு தடவை, "புள்ள பசியா கீது, கையால துன்னட்டும்டி" என்று சொல்லி, தன் தட்டோடு வாசற்படிக்குத் துரத்தப்பட்டார். மாதாவின் கிருபையால் மூன்றாம் மாதம் பிரியா முள்கரண்டியால் சோறு சாப்பிட்டாள். கோழி கொத்துகிற மாதிரி இருந்தாலும் சிந்தவில்லை.

குழாயடிச் சண்டைக்கு நாலாம் நாள் சனிக்கிழமை. திண்டிவனத்துக்கு ஒரே பஸ், வேறு வழியில்லை. முன் சீட்டில் ஜமீலாவும் ஃபஸீஹாவும். ஃபஸீஹாவின் அப்பா குவைத்தில் இருப்பதால் ஆண் துணை இல்லை. நாலு சீட் தள்ளிப் பின்னால் அமலோற்பவமேரி குடும்பம். பெரியவர்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். விக்கிரவாண்டி தாண்டுவதற்குள் பிள்ளைகள் இரண்டும் நடு சீட்டுக்கு வந்து ஒன்றாக உட்கார்ந்துவிட்டன. அதட்டி இழுத்துவந்தால் மகளின் தலைப்பின்னல் கலைந்துவிடுமோ என்று அமலோற்பவமேரி விட்டுவிட்டாள்.

பள்ளிக்கூடம் சொன்னபடிதான் இருந்தது. வேப்ப மரங்கள், சிவப்பு ஓடு, நடுவில் மணிக்கூண்டு. எண்பது பிள்ளைகள் இருந்தும் சத்தம் இல்லை. கோயிலுக்குள் நுழைகிற மாதிரி அமலோற்பவமேரி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். செருப்பைக் கழற்றப் போனவளை வாட்ச்மேன் தடுத்தார்.

பிள்ளைகளைக் கீழே சாப்பாட்டுக் கூடத்துக்குக் கூட்டிப் போனார்கள். பெற்றோர்கள் மாடி வராந்தாவில் கம்பி வலைக்குப் பின்னால் நின்று பார்க்கலாம். பேசக் கூடாது, கூப்பிடக் கூடாது. கூடத்துச் சுவரில் பெரிய எழுத்தில் இரண்டு விதி: தட்டில் ஒரு பருக்கை மிஞ்சக் கூடாது. மணி அடித்ததும் எழுந்து வரிசையில் நிற்க வேண்டும். ஜமீலா தொழுகை நேரம் என்று ஒரு டீச்சரிடம் இடம் கேட்டுக்கொண்டு போனாள். பாக்கியராஜ் டீ குடிக்கக் கேட்டுக்கு வெளியே போனார். அமலோற்பவமேரி வலையில் மூக்கைப் பதித்து நின்றாள். பக்கத்தில் திண்டிவனத்து டாக்டர் அம்மாள் ஒருத்தி செண்ட் வாசனையோடு நின்றிருந்தாள்.

மேஜைக்கு நாலு பேர். விண்ணப்ப எண் வரிசைப்படி உட்காரவைத்ததால் பிரியாவும் ஃபஸீஹாவும் எதிரெதிரே. சாப்பாட்டுக் கூடத்து மேற்பார்வை அப்பாதுரை என்கிற ஆள். முப்பத்தைந்து வயசு, வெள்ளைச் சட்டை, கையில் குறிப்பு நோட்டு. சித்ரா மேடம் என்கிற பிரின்சிபல் கூடத்து வாசலில் கைகட்டி நின்றாள்.

பரிமாறினார்கள். சோறு. முருங்கைக்காய்ச் சாம்பார். வாழைக்காய்ப் பொரியல். அப்பளம்.

எண்பது பிள்ளைகளில் எழுபத்தொன்பது பிள்ளைகள் கையால் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தன. கலெக்டர் ஆபீஸ் பிள்ளை, டாக்டர் பிள்ளை, பாங்க் மேனேஜர் பிள்ளை எல்லாம் கையால்தான். மேஜை நடுவில் ஒரு டம்ளரில் ஸ்பூனும் முள்கரண்டியும் சொருகியிருந்தன. கையில் அடிபட்ட பிள்ளைகளுக்கு அவை என்று அப்பாதுரை பிற்பாடு சொன்னார். அன்று அதில் கை வைத்த ஒரே பிள்ளை சகாய பிரியா.

"ஏசுவே" என்றாள் அமலோற்பவமேரி, பேசக் கூடாது என்ற விதியை மீறி.

சாம்பார் சோற்றை முள்கரண்டி பிடிக்கவில்லை. முருங்கைக்காயோ முள்கரண்டிக்கு மசிகிற ஜாதியே இல்லை. குத்தினால் உருண்டது, உருண்டதைத் துரத்தினால் தட்டின் விளிம்புக்குப் போனது. பிரியா அம்மா சொல்லிக் கொடுத்தபடி முழங்கையை ஒடுக்கி, உதட்டை மூடி, பருக்கை பருக்கையாகக் கொத்திக்கொண்டிருந்தாள். கையால துன்னுடி, கையால துன்னுடி என்று மேலேயிருந்து அமலோற்பவமேரி ஐந்து விரலையும் குவித்துக் குவித்து வாயருகே ஆட்டிக் காட்டினாள். பிள்ளை நிமிர்ந்தே பார்க்கவில்லை. டாக்டர் அம்மாள்தான் தன்னைச் சாப்பிட்டாயா என்று கேட்பதாக எண்ணி, இன்னும் இல்லை என்று தலையாட்டினாள்.

இருபது நிமிஷத்தில் கூடத்தில் பாதிப் பேர் முடித்துவிட்டார்கள். ஃபஸீஹாவின் தட்டு கழுவி வைத்த மாதிரி இருந்தது. அந்தப் பெண் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தது. பிரியாவின் தட்டைப் பார்த்தது. அதில் இன்னும் பாதிச் சோறு. பிறகு கையைத் தூக்கி அப்பாதுரையைக் கூப்பிட்டு, இன்னொரு கரண்டி சோறு வாங்கிக்கொண்டது.

அமலோற்பவமேரிக்குச் சிரிப்பு வந்தது. சொல்லப்போனால் சந்தோஷமும் வந்தது. 'பரீட்சைக்கு வந்த எடத்துல ரெண்டாஞ்சோறு கேக்குது பாரு' என்று நினைத்துக்கொண்டாள். குழாயடியில் சொல்ல ஒரு சமாச்சாரம் கிடைத்தது என்றும்.

மணி அடித்தது.

எழுபத்தெட்டுப் பிள்ளைகள் விசுக்கென்று எழுந்து தட்டோடு வரிசைக்குப் போயின. அந்த மேஜையில் இருந்த மற்ற இரண்டு பேரும் போய்விட்டார்கள். அவ்வளவு பெரிய கூடத்தில் உட்கார்ந்திருந்தவை இரண்டு தலைகள்தான், ஒன்று இரட்டைப் பின்னல், ஒன்று வெள்ளை முக்காடு.

அப்பாதுரை வேகமாக வந்தார். அவர் வருவதைப் பார்த்த பிரியா பயந்துபோய் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கையை மடியில் ஒடுக்கிக்கொண்டாள். ஃபஸீஹா சாப்பிட்டுக்கொண்டே இருந்தது.

"மணி அடிச்சாச்சு பாப்பா. காதுல உழல?"

"நான் இன்னும் முடிக்கல சார்" என்று ஃபஸீஹா தன் தட்டைக் காட்டியது. அவரும் அந்தத் தட்டைத்தான் பார்த்தார். நோட்டில் என்னவோ எழுதிக்கொண்டு போனார்.

அவர் முதுகைத் திருப்பி, மேடமும் வரிசைப் பக்கம் திரும்பியதும் ஃபஸீஹா பிரியாவிடம் என்னவோ சொன்னது. பிரியா மறுபடியும் முள்கரண்டியை எடுத்தாள். அப்போதுதான் அமலோற்பவமேரி அந்தப் பிள்ளையின் கையைக் கவனித்தாள். விரல் நுனியில் மூன்றே பருக்கை. பிரியாவின் முள்கரண்டி வாய்க்குப் போகும்போது அந்தக் கையும் வாய்க்குப் போகிறது. முள்கரண்டி தட்டில் தடுமாறும்போது அந்தக் கையும் தட்டிலேயே சோற்றைச் சும்மா அளைகிறது. மறுபடி மூன்று பருக்கை. பசிக்குச் சாப்பிடுகிறவர்கள் யாரும் அப்படிச் சாப்பிடமாட்டார்கள். கூடமே வரிசையில் நின்று வேடிக்கை பார்க்கிறது; அந்தப் பெண் ஒரு தடவைகூட நிமிரவில்லை, அவசரப்படவில்லை. தன் சோற்றைப் பிரியாவின் சோற்றுக்குச் சமமாக அளந்து குறைத்துக்கொண்டே வந்தது. பிரியா கடைசிக் கவளத்தை எடுத்தபோது ஃபஸீஹாவின் தட்டிலும் கடைசி மூன்று பருக்கை இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் எழுந்தன.

அமலோற்பவமேரியின் கை வலைக் கம்பியைப் பிடித்துக்கொண்டது. சர்ச்சில் திருப்பலியின் நடுவே பாதர் அப்பத்தை உயர்த்தும்போது முதுகுத்தண்டில் ஒரு சிலிர்ப்பு ஓடுமே, அது ஓடியது. பத்து வயசுப் பிள்ளை. நேற்றுவரை சுவரேறிக் கொய்யா பறித்த பிள்ளை.

"யாரு பொண்ணு அது? இவ்ளோ சாப்பிடுது?" என்றாள் டாக்டர் அம்மாள்.

அமலோற்பவமேரி வலையிலிருந்து மூக்கை எடுக்கவில்லை.

அரை மணி கழித்துச் சித்ரா மேடம் அறையில் கூப்பிட்டார்கள். மேடம் பிரியாவின் பரீட்சைத் தாளைப் புரட்டினாள். "மார்க் நடுத்தரம்தான். ஆனா ஒரு விஷயம். மணி அடிச்சதும் எல்லாரும் எழுந்துட்டாங்க. எதிர்ல இருந்த பொண்ணு ரெண்டாவது தடவ சோறு வாங்கி வச்சிக்கிட்டு முடிக்காம உட்கார்ந்திருந்தது. அதைத் தனியா விட்டுட்டு எழுந்திரிக்க மனசில்லாம உங்க பொண்ணு ஸ்பூனைக் கீழ வச்சிட்டு, கைகட்டி உட்கார்ந்திருந்தா. நான் வாசல்ல நின்னு பாத்தேன். இந்த மேனர்ஸை நாங்க சொல்லிக் குடுக்க முடியாதும்மா. வீட்டிலேருந்து வரணும்."

பாக்கியராஜின் மார்பு ஒரு சுற்றுப் பெருத்தது. "எல்லாம் இவ வளர்ப்புங்க மேடம்."

"அப்படியா?"

"ஆமாங்க" என்றாள் அமலோற்பவமேரி. அந்த 'ஆமாங்க' தொண்டையில் முருங்கைக்காய்ச் சக்கை மாதிரி நின்றது.

அடுத்து ஜமீலாவைக் கூப்பிட்டார்கள். ஐந்தே நிமிஷம். வெளியே வந்தபோது முகம் சிவந்திருந்தது. மகள் நன்றாகப் பரீட்சை எழுதியிருக்கிறாள், ஆனால் சாப்பாட்டு விஷயத்தில் கட்டுப்பாடு போதாது, ஒழுங்குக்கு அடங்கவில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். ஜமீலா தொழுகைக்குப் போயிருந்ததால் கூடத்தில் நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. நாலு நாள் முன்பு தட்டைப் பற்றிக் குழாயடியில் கேட்ட பேச்சு, இங்கே ஆபீஸ் அறையில் நல்ல தமிழில் திரும்பக் கேட்டது, அவ்வளவுதான். மகளை அவள் திட்டவில்லை. முக்காட்டைச் சரி செய்துவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அமலோற்பவமேரி பக்கம் திரும்பவே இல்லை.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் விழுப்புரம் பஸ் நின்றிருந்தது. பாக்கியராஜ் வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஒரு பொட்டலம் வாங்கிப் பிள்ளைகளிடம் கொடுத்தார். ஜமீலா முன்னால் போய் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அமலோற்பவமேரி பிள்ளைகளுக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து, குனிந்து, காதோடு கேட்டாள்.

"ஏன்டி ஃபஸீஹா, மணி அடிச்சாங்களே, ஏன் எழுந்துக்கல?"

"பிரியா துன்னுக்கினு இருந்தாளே பெரிம்மா."

"அதுக்கு?"

அந்தப் பெண் இவளை விநோதமாகப் பார்த்தது. சூரியன் ஏன் கிழக்கே உதிக்கிறது என்று கேட்டவளைப் பார்ப்பது போல. "சஹன்ல ஒருத்தர் துன்னுக்கினு இருக்கறப்ப மத்தவங்க எழுந்துக்கக் கூடாது பெரிம்மா."

சஹன் என்பது ஜமீலாவின் பிறந்த ஊரான கோட்டக்குப்பத்தில் விருந்துகளில் வைக்கிற பெரிய வட்டத் தட்டு. நாலு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அதைத்தான் அமலோற்பவமேரி குழாயடியில் சொன்னது.

"இங்க தனித்தனித் தட்டுதானடி?"

"தனித்தட்டா இருந்தா மட்டும் எழுந்துக்கலாமா?"

"சரி, ரெண்டாம் தடவ ஏன் சோறு கேட்ட? வயிறு ரொம்பலியா?"

"ரொம்பிடுச்சு. எனக்கு வயிறே வலிக்குது" என்றது ஃபஸீஹா, மல்லாட்டைப் பொட்டலத்தைப் பிரியாவிடம் தள்ளிவிட்டு. "காலித் தட்ட வச்சிக்கினு குந்தியிருந்தா, நீ எப்ப முடிப்பன்னு அவளப் பாத்துக்கினு இருக்கற மாதிரி ஆயிடும் இல்ல? அவளுக்கு வெக்கமா இருக்கும். மூணு மூணு பருக்கையா துன்னுக்கினே இருந்தா தெரியாது. எங்க அம்மா அப்பிடித்தான் துன்னும்."

டிரைவர் ஏறி உட்கார்ந்தார். அமலோற்பவமேரி நெற்றியைத் துடைத்தாள். முன் சீட்டில் ஜமீலாவின் முதுகு தெரிந்தது. இந்தப் பஸ் கிளம்பினால், கூட்டேரிப்பட்டு வருவதற்குள் மனசு ஒரு நியாயம் சொல்லும், விக்கிரவாண்டி வருவதற்குள் அது கெட்டிப்பட்டுவிடும், வீட்டுக்குப் போய்விட்டால் பிரியாவின் புதுச் சீருடையைக் கற்பனை செய்துகொண்டு தான் ஒரு நாளும் வாய் திறக்கப்போவதில்லை என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. தன்னைப் பற்றி அவளுக்குத் தெரியாத கிசுகிசுவா?

எழுந்துவிட்டாள்.

"எங்கடி?" என்றார் பாக்கியராஜ்.

"பைய மறந்து வச்சிட்டேன். நீங்க போங்க, நான் அடுத்த வண்டியில வர்றேன்."

பை தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. பாக்கியராஜ் அதைப் பார்த்தார், வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். அந்த ஒரு காரியத்துக்காக அவரைப் பிற்பாடு தெருவே மெச்சியது.

ஆட்டோக்காரரிடம் "ஜல்தி போப்பா" என்று நாலு தடவை சொல்லி, மேடத்தின் அறைக்குள் அவள் போய் நின்றபோது சித்ரா மேடமும் அப்பாதுரையும் நோட்டை வைத்துக்கொண்டு வேண்டாத பெயர்களை அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"மேடம், நீங்க தப்பா பாத்துட்டீங்க."

"என்னது?"

"என் பொண்ணு யாருக்காகவும் காத்துக்கினு இருக்கல மேடம். அவதான் முடிக்கல. போர்க்குல சாம்பார் சோறு துன்னுக்கினு இருந்தா. நான்தான் மூணு மாசமா அப்பிடித் துன்னச் சொல்லிப் பழக்குனேன். இந்த சார் வந்ததும் பயந்துக்கினு கீழ வச்சிட்டா. அந்தப் பாய் வீட்டுப் பொண்ணு முன்னாடியே முடிச்சிட்டு, இவ ஒத்தையா மாட்டிக்கக் கூடாதுன்னு சோறு வாங்கி வச்சிக்கினு, மூணு மூணு பருக்கையா..." அவள் விரலைக் குவித்துக் காட்டினாள். "நான் மேலேந்து பாத்தேன் மேடம். அவங்க அம்மா பாக்கல. நான் ஒருத்திதான் பாத்தேன்."

அப்பாதுரை நோட்டைப் பார்த்தார். அவர் எழுதியிருந்தது: 'எண் 62. கேட்டு வாங்கி அதிகம் உண்டாள். மணிக்கு எழவில்லை.' அதில் பொய் ஒன்றும் இல்லை.

"உங்க பொண்ணு இடம் போயிடும்மா. தெரிஞ்சுதான் சொல்றீங்களா?" என்றாள் மேடம்.

"தெரியுதுங்க."

"பின்ன ஏன் வந்து சொல்றீங்க?"

அமலோற்பவமேரி யோசித்தாள். "எனக்கு ஒரு சேதி வயித்துல நிக்காதுங்க மேடம். எங்க தெருவுல யாரை வேணா கேட்டுப் பாருங்க."

சித்ரா மேடம் சிரிக்கவில்லை. எழுந்து நின்றாள். அவள் எந்தப் பெற்றோருக்கும் எழுந்து நின்றதில்லை என்பது அப்பாதுரையின் வாக்குமூலம். அவரை அனுப்பி டீ கொண்டுவரச் சொன்னாள். கோப்பையில் வந்தது, சாசரோடு. கொதித்தது. அமலோற்பவமேரி அதைச் சாசரில் ஊற்றி ஊதிக் குடித்தாள். யார் சிரிக்கிறார்கள் என்று அன்று நிமிர்ந்து பார்க்கத் தோன்றவில்லை.

பத்து நாளில் பட்டியல் வந்தது. எண் 62 ஃபஸீஹா இருந்தாள். சகாய பிரியா காத்திருப்போர் பட்டியலில் மூன்றாவது. முதல் ஆளுக்கே அந்த வருஷம் இடம் வரவில்லை. பிரியா விழுப்புரத்தில் அரசுப் பெண்கள் பள்ளியில் சேர்ந்தாள். சேர்ந்த அன்று மத்தியானம் ஐந்து விரலாலும் பிசைந்து, இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள். முள்கரண்டிகளில் ஒன்று மாங்காய் ஊறுகாய் ஜாடிக்குப் போனது, மற்றவை எங்கே போயின என்று தெரியவில்லை.

அமலோற்பவமேரி வாயே திறக்கவில்லை. இது தெருவுக்குப் பெரிய அதிசயம். ஆனால் அதிசயம் நடக்கிறது என்பதே தெருவுக்குத் தெரியாது. ஜமீலா எட்டு மாதம் அவளோடு பேசாமல் இருந்தாள். வெளியே வந்தது அப்பாதுரையால். முகவரி சரிபார்க்க ஃபஸீஹா வீட்டுக்கு வந்தவர், பஸ் சீட்டு ஆணியில் கிழிந்த பேண்ட்டைத் தைத்துக்கொள்ளத் தெருக்கோடிக்குப் போனார். அந்தப் பேண்ட்டில் காந்திமதி போட்ட தையல் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை விட்டுப்போனது. இப்படிப் பிரிகிற தையலை அவள் வேறு யாருக்கும் போட்டதில்லை. தை மாதம் இரண்டு பேருக்கும் கல்யாணம். மாசியில் காந்திமதி வாய் வழியாக எல்லாம் குழாயடிக்கு வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் ஜமீலா கதவைத் தட்டினாள். கையில் மூடிய ஒரு கிண்ணம். "பிரியாணி மேரிக்கா. சூடா இருக்கறப்பவே சாப்பிடுங்க" என்றாள். 'ங்க' திரும்பி வந்திருந்தது. வேறு எதையும் இரண்டு பேரும் பேசவில்லை. அடுத்த மாதம் சாக்கடை அடைப்புக்காகப் பழையபடி சத்தமாகச் சண்டை போட்டார்கள், ஆனால் தட்டைப் பற்றிய பேச்சு அதில் வரவில்லை.

ஃபஸீஹா பன்னிரண்டாவதுவரை அங்கேயே படித்தாள். போன வருஷம் கோட்டக்குப்பத்தில் நிக்காஹ். மாப்பிள்ளை முகம்மது ஆசிப், ஷார்ஜாவில் வேலை. அமலோற்பவமேரி போனாள். பெண்கள் பந்தியில் ஒரு சஹனைச் சுற்றி ஜமீலா, பிரியா, இன்னொரு உறவுக்காரப் பெண்ணோடு அவளும் முதல் தடவையாக உட்கார்ந்தாள். அந்த மாதம்தான் கடைவாய்ப் பல் இரண்டைப் பிடுங்கியிருந்தார்கள். கறியை மெல்ல முடியாமல் ஒதுக்கி ஒதுக்கிச் சாப்பிட்டதில் நேரம் போனதே தெரியவில்லை. சுற்றிலும் மற்ற தட்டுகளை எடுத்துவிட்டார்கள். இவள் நிமிர்ந்தாள். ஜமீலா பக்கத்திலிருந்த பெண்ணோடு ஏதோ கதை பேசிக்கொண்டே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். விரல் நுனியில் மூன்று பருக்கை. அவளைப் பார்த்துப் பிரியாவின் விரலிலும் மூன்று.

அமலோற்பவமேரி தலையைக் குனிந்துகொண்டு மீதியைச் சாப்பிட்டாள். அவசரப்படவில்லை.

ஃபஸீஹா இப்போது ஷார்ஜாவில். பிரியா நர்சிங் முடித்து, வானூர்ப் பக்கத்து ஆரோக்கிய ஜெனித்தைக் கட்டிக்கொண்டு பாண்டிச்சேரிக்குப் போய்விட்டாள். அப்பாதுரையும் காந்திமதியும் திண்டிவனத்தில் பள்ளிக்கூடத்துக் குடியிருப்பில் இருக்கிறார்கள்; இரண்டு பிள்ளைகள், இரண்டுக்கும் மணிக்கூண்டு ஸ்கூலில் இடம் கிடைக்கவில்லை. ஜமீலா வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு கோட்டக்குப்பத்துக்கே போனாள். அந்த வீட்டில் ஒரு பாங்க் ஆபீசர் குடும்பம் வந்திருக்கிறது. கதவு எப்போதும் சாத்தியிருக்கிறது. சுவரில் காதை வைத்தால்கூட ஒரு சத்தமும் கேட்பதில்லை என்று அமலோற்பவமேரிக்குத்தான் ரொம்பப் பேஜாராக இருக்கிறது.